பொய்யாய்க் குனியும் மான்

நவம்பர் 4, சனி

இந்த டயறி, ஸ்காபரோ நகைக்கடைக்காரன் தைப்பொங்கலுக்கு இனாமாகத் தந்தது. இவ்வளவு மாதமாக மேசை லாச்சிக்குள் கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் என் மனுஷன், இவர்தான். "மான் எங்க நிண்டது, காத்து எந்தப் பக்கம், என்ன செய்தனி, எல்லாத்தையும் எழுதிக்கொண்டு வந்து எனக்கு வாசி" என்று கட்டளை. கட்டிலில் கிடந்தாலும் அதிகாரத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

திங்கட்கிழமை துவக்கால் மான் சுடும் சீசன் தொடங்குகிறது. இரண்டு கிழமைதான். வருஷா வருஷம் இவர் றொஸ் கிழவரின் பண்ணைக் காணிக்குப் போய், புல்வெளி ஓரத்து மேப்பிள் மரத்தில் கட்டியிருக்கும் பரணில் ஏறுவார். நான் வானுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணிப் போத்தலோடு இருப்பேன். இந்த வருஷம் இவருக்குக் குசினி வரைக்கும்கூட நடக்க ஏலாது. கணையத்தில் புற்றுநோய். டிசம்பரில் நத்தாரைக் காண்பாரா என்று கேட்டதற்கு டொக்டர் என் முகத்தைப் பார்க்காமல் கொம்பியூட்டரைப் பார்த்தார்.

"இஞ்சரப்பா, இந்தமுறை நீ ஏறு."

"உங்களுக்கென்ன விசரே?"

"லைசென்ஸ் இருக்குத்தானே?"

இருக்கிறது. அது ஒரு பெரிய கூத்து. வேட்டை வகுப்புக்கு இவருடைய இங்கிலீஷ் போதாது என்று, பக்கத்தில் இருந்து காதுக்குள் தமிழில் சொல்ல நானும் போனேன். சும்மா இருக்கக்கூடாது, நீயும் காசு கட்டிப் படி என்றார் வகுப்பு நடத்தியவர். கடைசியில் சோதனையில் நான் பாஸ், இவர் பெயில், இரண்டாந்தரம்தான் பாஸ். ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"மான் எலும்பு அவிச்ச சூப் ஒரு கரண்டி குடிச்சனெண்டாக் காணும்" என்றார். கஞ்சித் தண்ணியே உள்ளே நிற்காத மனுஷன் கேட்கிறது மான் சூப்.

வன்னியில், ஒலுமடுவில் இவர்களுடைய வீட்டுக்கு நான் கலியாணம் கட்டிப் போன புதிதில், சுவரோரம் கிடந்த துவக்கைத் தெரியாமல் கடந்துவிட்டேன். மாமி அன்று முழுக்க என்னை ஏசினா. பொம்பிளை கடந்த துவக்குக்கு வேட்டை வாய்க்காதாம். அதை இப்போது நினைவுபடுத்தினேன்.

"பொம்பிளை பரணில ஏறினாக் காடு ஏத்துக்கொள்ளுமோ?"

"இது கனடாக் காடு. அதுக்குத் தமிழ் தெரியாது."

சரி என்றேன். வேறு எதைக் கேட்டாலும் என்னால் கொடுக்க முடியாது. சூப் எண்டால் வைக்கலாம்.

நவம்பர் 5, ஞாயிறு

இன்று பயிற்சி. தோய்த்த உடுப்புகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு அறைப் பக்கம் போனவளை வாசலிலேயே மறித்தார்.

"அதில நில். நான்தான் மான். இந்தக் கட்டில்தான் பரண்."

"உடுப்பை வைச்சிட்டு வாறன்."

"துவக்கோடதானே போவாய்? கூடையோடயே வா."

இவர் சொன்னதை எழுதிவைக்கிறேன். பரணில் இருக்கும்போது மான் வருவது சுகம். நீ போகும்போதே மான் அங்கே நின்றால் அதுதான் வில்லங்கம். ஓடி ஏறக்கூடாது. திரும்பி ஓடவும் கூடாது. மரம்போல நிற்க வேண்டும். மான் தலையைக் குனிந்து தின்னும்போது ஒரு அடி. நிமிர்ந்தால் நில். கால் அந்தரத்தில் இருந்தால் அந்தரத்திலேயே நிற்கட்டும்.

கண்ணை மூடினால் குனிகிறார், திறந்தால் நிமிர்கிறார் என்று கணக்கு. மூடினார். ஒரு அடி வைத்தேன். உடனே திறந்தார்.

"ஓடிட்டன். போய் நாளைக்கு வா."

"மூடின உடன திறந்தா எப்பிடி?"

"மான் அப்பிடித்தான் செய்யும். பொய்யாக் குனியும். தின்னுற மாதிரித் தலையை விட்டிட்டு டக்கெண்டு நிமிரும், ஆர் அசையினம் எண்டு பாக்கிறதுக்கு. முதல் குனிவை நம்பாத. ரெண்டாந்தரம் குனிஞ்சு, வாய் அசைஞ்சு, வால் ஆறுதலா ஒருக்கா ஆடினா, அப்ப வை காலை."

மூன்றாம் தரம் கண்ணை மூடியபோது பொறுத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. ஒரு அடி, இன்னொரு அடி என்று கட்டில் மட்டும் போய்விட்டேன். மனுஷன் உண்மையிலேயே நித்திரையாகிவிட்டார். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அசைந்தால் எழும்பிவிடுவார் என்று பயம். அடுப்பில் பருப்புக் கருகிவிட்டது.

நவம்பர் 6, திங்கள்

முதல் நாளே சரித்திரம் படைத்துவிட்டேன்.

செம்மஞ்சள் தொப்பியும் சட்டையும் போட்டு, ரோட்டு வேலைக்காரன் கோலத்தில் வெளிக்கிட்டேன். றொஸ் ஒரேயொரு நிபந்தனைதான் சொன்னார். பரணில் இருந்துதான் சுட வேண்டும், கீழே நின்று சுடக்கூடாது. மரத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய மாட்டுப்பட்டி. மேலே இருந்து சுட்டால் ரவை நிலத்துக்குள் போகும். என்னுடைய லைசென்ஸில் கொம்பன் மான்தான் சுடலாம், பெட்டைப் பிணை சுட முடியாது. எப்படியும் பரணில் ஏறாமல் ஒன்றும் நடக்காது.

காணி வாசல் படலையடியில் நின்றபோது பழைய பழக்கம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர்கள், தேனுக்கோ விறகுக்கோ, வழியில் ஒரு குழை முறித்துப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். கோயில் வேண்டாம், ஒரு கல் இருந்தால் காணும். குழை போட்டால் போனவர் பத்திரமாகத் திரும்பி வருவார். றொஸின் படலையடியில் ஒரு பெரிய கல் கிடக்கிறது. பக்கத்து மரத்தில் ஒரு கொப்பைப் பிடித்து முறித்தேன்.

எங்கள் ஊரில் பச்சைக் குழை. நோகாமல் முறியும். இங்கே கார்த்திகை மாதத்து மரம், காய்ந்த கொப்பு. வெடித்த வெடி றொஸின் நாய்க்கே கேட்டிருக்கும். புல்வெளியில் இருந்து வெள்ளை வால்கள் எழும்பிப் பறந்தன. எத்தனை மான் நின்றது என்றுகூடத் தெரியாது.

ஆனாலும் குழையைக் கல்லில் வைத்துக் கும்பிட்டேன். பிள்ளையாரே, என்னைத் திருப்பிக் கொண்டுவராட்டிலும் பரவாயில்லை, அந்த மனுஷனைத் திருப்பித் தா என்றேன். இதை இவருக்கு வாசிக்க மாட்டேன்.

பரணில் கொஞ்ச நேரம் இருந்தேன். ஓடின மான் வருமா? குளிரில் பல்லுக் கிட்டியது. மதியத்துக்கு முதலே, வேளைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். இவரைப் பார்க்க வரும் நேர்ஸ் லிண்டாவின் கார் முற்றத்தில் நின்றது. மகள் சிந்துஜா, தகப்பனைப் பார்க்கவென்று வேலையை லப்டொப்பில் கட்டிக்கொண்டு வந்திருப்பவள், வாசலுக்கே ஓடிவந்து, "அம்மா, பால் முடிஞ்சுது, ஒருக்கா வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள். வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் குளிர்ப்பெட்டிக்குள் இரண்டு பை பால் இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கண் எங்கே இருக்கிறதோ.

நவம்பர் 7, செவ்வாய்

மழை. போகவில்லை. இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். லிண்டா வந்த நேரம் என்னைத் துவக்குத் துடைக்கச் சொல்லி நிலக்கீழ் அறைக்கு அனுப்பினார்.

நவம்பர் 8, புதன்

காற்று வடமேற்கு. குழையைச் சால்வைக்குள் சுற்றி முறித்தேன். சத்தம் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல ஏலாது.

பரணுக்கு முன்னால் றொஸின் தகப்பன் காலத்து ஆப்பிள் மரம் ஒன்று இருக்கிறது. விழுந்த ஆப்பிள்களை மூன்று பிணைகள் தின்றுகொண்டு நின்றன. ஏணி மேப்பிள் மரத்துக்குப் பின்பக்கம். எனக்கும் ஏணிக்கும் இடையில் வெறும் புல். நின்றேன். மூத்த பிணை என்னைப் பார்த்தது. குனிந்தது. நான் காலைத் தூக்க, உடனே நிமிர்ந்தது. இவர் சொன்ன அதே கள்ளவேலை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் முன்கால் ஒன்றை நிலத்தில் அடித்தது. பிறகு காற்றுப் பிடரியில் பட்டது, என் மணம் அவற்றுக்குப் போய்விட்டது. மூன்றும் மூக்கால் ஊதிக்கொண்டு ஓடின.

இனி ஏறி என்ன என்று வீட்டுக்குத் திரும்பினேன். வானை நிறுத்தி முன்கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு சத்தம். ரீவியாக இருக்கும். சிந்துஜா எப்போதும் கூட்டித்தான் வைப்பாள். லிண்டாவின் கார் நின்றது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் திரும்பி ஓடினேன். கோப்பிக் கடை வாசலில் வானுக்குள் மதியம் வரைக்கும் இருந்தேன்.

முழு நேரமும் பரணில் இருந்ததாகச் சொன்னேன். "குளிரேல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கெட்டிக்காரி" என்றார். தலையணை உறை நனைந்திருந்தது, மாற்றிவிட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

செய்ய வேண்டியவை: மருந்துக்கடை, வானுக்குக் குளிர்காலச் சில்லு, ரீவி திருத்துகிறவனுக்குப் போன் அடிக்க வேண்டும். அது பழுதாகிக் கிழமைக் கணக்காகிறது.

குழைக் கதை இன்றுதான் இவருக்குத் தெரிந்தது. வாசித்துக்கொண்டு போகும்போது வாய் தவறிவிட்டது. சிரித்தார். சிரிப்பு நோவில் போய் முடிந்தது. தண்ணீர் தொட்டு உதட்டை நனைத்த பிறகுதான் கதைத்தார்.

"மானுக்குத் தந்தி அடிச்சுப்போட்டுப் போய்ப் பரணில இருக்கிறாள். இவளை வைச்சு நான் சூப் குடிச்ச மாதிரித்தான். இனி உடைக்காத."

"உடைக்காமப் போகமாட்டன்."

"இந்தக் காட்டில பிள்ளையார் இல்லையப்பா."

"நாங்கள் வந்தனாங்கள்தானே? அவருக்கு மட்டும் விசா குடுக்க மாட்டினமோ?"

கையை நீட்டினார், பிடித்துக்கொண்டிருந்தேன். விரல்கள் குளிர்ந்துபோய் இருந்தன.

நவம்பர் 11, சனி

ஸ்காபரோவிலிருந்து இவருடைய தமக்கை, யோகம் மச்சாள், இரண்டு வான் ஆட்களோடு வந்தா. ஹோர்லிக்ஸ் நாலு போத்தல். குடிக்க ஆள் இல்லை.

நான் உள்ளே வந்தபோது வேட்டைத் தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டேன். மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தா.

"மனுசன் கிடக்கிற கிடையில நீ மான் சுடப் போறியோடி? சனம் என்ன கதைக்குது தெரியுமோ? பக்கத்தில இருந்து ஒரு தேவாரம் படிக்கிறதை விட்டிட்டு!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன், அதற்குள் அறையிலிருந்து இவர் குரல் கேட்டது. எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ.

"அக்கா! நான்தான் அனுப்பினனான். தேவாரம் நீ படி. உனக்குத்தான் மான் சுடத் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சாளும் சிரித்தா, பிறகு குசினிக்குள் வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதா. இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதோம்.

நவம்பர் 13, திங்கள்

இந்த மாதம் கொம்பன்கள் பிணைகளுக்குப் பின்னால் விசர் பிடித்துத் திரியும் என்று றொஸ் சொன்னது சரி. படலையைத் தாண்டியதும் கண்டேன். ஆப்பிள் மரத்தடியில் நின்றது. கொம்பு இரண்டு பக்கமும் கிளைவிட்டு, கழுத்துத் தடித்து, அவ்வளவு வடிவு. ஆனால் நான் கண்டது அதன் பின்பக்கத்தைத்தான். குழை முறித்த சத்தத்துக்கு ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது.

ஏணியின் கீழ்ப்படியில் இருந்து அழுதேன். இவர் வெள்ளியிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. நனைந்த பஞ்சால் வாயைத் துடைக்க மட்டும் விடுகிறார். உடைத்தால் இறைச்சி இல்லை. உடைக்காவிட்டால் இவர் திரும்பி வரமாட்டார் என்று எனக்கு ஒரு பயம். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன, கை தானாகக் கொப்பைப் பிடிக்கிறது.

இவருக்கு, கொம்பன் தூரத்தில் நின்றது என்று மட்டும் வாசித்தேன்.

நவம்பர் 15, புதன்

போகவில்லை. இவர் கண் திறக்கவில்லை. உடுப்புத் தோய்த்தேன், மடித்தேன், மடித்ததை உதறித் திரும்ப மடித்தேன். பின்னேரம் கண்ணைத் திறந்து, "ஏன் போகேல்லை?" என்றார்.

நவம்பர் 16, வியாழன்

குழை முறிக்கவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

நேற்றுத் தகனம் முடிந்தது. சனம் வந்து போய்விட்டது. இனி வாசித்துக் காட்ட ஆள் இல்லை, ஆனாலும் காற்று எந்தப் பக்கம் என்று எழுதச் சொன்னவருக்கு எழுதாமல் விட ஏலாது. காற்று இல்லை. புல்லில் உறைபனி.

வியாழன் காலையில் அறைக்குள் போனேன். லிண்டா வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, காதுக்குள் சொன்னார்: "இண்டைக்கு உடைக்காத. எனக்காக."

"போயிட்டு வாறன்" என்றேன். எப்போதும் "ஓம், போயிட்டு வா" என்பார். அன்றைக்குச் சத்தம் வரவில்லை. கண்ணை மூடினார்.

"பொய்யாக் குனியிறீங்களோ?" என்று கேட்டேன். உதட்டோரம் அசைந்தது. அவ்வளவுதான்.

படலையடியில் கை கொப்புக்குப் போனது. பிடித்துவிட்டேன்கூட. எனக்காக என்றாரே. விட்டுவிட்டேன். கல்லைப் பார்க்காமல் நடந்தேன். முதல் தரமாக வெறுங்கையோடு காட்டுக்குள் போனேன்.

அது நின்றது. அதே கொம்பன், இரண்டு பிணைகளோடு, ஆப்பிள் மரத்தடியில். நான் பாதித் தூரத்தில் இருந்தேன். ஒளிய ஒரு பற்றைகூட இல்லை. கொம்பன் நிமிர்ந்து என் பக்கம் பார்த்தது. நான் மரம். குனிந்தது. நான் அசையவில்லை. டக்கென்று நிமிர்ந்தது. அசையவில்லை. திரும்பக் குனிந்தது, ஆப்பிள் கடிபடும் சத்தம் கேட்டது, வால் ஆறுதலாக ஒருக்கா ஆடியது. ஒரு அடி வைத்தேன்.

இப்படியே போனேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு மெதுவாக எங்கும் போனதில்லை. ஏணிக்குக் கை எட்டும் தூரம் வந்தபோது சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது.

வண்டு அகப்பட்டதுபோல நெஞ்சில் கிடந்து துடித்தது. ஒரு பிணை காதைத் திருப்பியது. நான் மூச்சு விடவில்லை. நின்றது. போன் ஓய்ந்து, திரும்பவும் தொடங்கியது. சிந்துஜா நான் பரணுக்குப் போனால் போன் அடிக்கவே மாட்டாள், எழுதித்தான் அனுப்புவாள். அவள்தான் அடிக்கிறாள் என்றும் தெரியும், என்ன சொல்லப் போகிறாள் என்றும் தெரியும். நான் எடுக்காத வரைக்கும் இவர் கட்டிலில் கிடக்கிறார். நான் இவருக்கு இறைச்சி கொண்டுபோக வந்திருக்கிறேன். எடுத்தால் இரண்டும் இல்லை. அதனால் எடுக்கவில்லை. மானுக்காக நின்றேன் என்று ஆருக்கும் சொல்லலாம். இவருக்குப் பொய் எழுத மாட்டேன்.

கொம்பன் குனிந்தது. ஏணியில் கால் வைத்தேன். ஒவ்வொரு குனிவுக்கும் ஒரு படி. மேலே போய் இருந்தேன். கீழே அவை தின்றுகொண்டே நின்றன. சிவபாதத்தின் பெண்சாதி மான் நிற்கும்போது பரணில் ஏறிவிட்டாள். சொல்லிப் பீற்றிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று தெரியாமல் மேலே இருந்தேன்.

ரோட்டால் ஒரு பால் லொறி போனது. லொறிச் சத்தத்தோடு சேர்த்து ரவையைப் பூட்டு என்று சொல்லித் தந்திருந்தார், அப்படியே செய்தேன். துவக்குச் சத்தத்துக்கு ஓடி ஓடியே இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவள் நான். துவக்கைத் தோளில் வைத்துச் சுட்டேன். கொம்பன் துள்ளி, வேலி மட்டும் ஓடி, விழுந்தது.

பிறகுதான் போனை எடுத்து அவளுக்கு அடித்தேன்.

"அம்மா" என்றாள்.

"விழுந்திட்டுதெண்டு அப்பாட்டைச் சொல்லு" என்றேன்.

வெடிச் சத்தம் கேட்டு றொஸ் டிராக்டரில் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். மானைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், உரித்துத் தன் குளிரறையில் தொங்கவிடுவதாகவும், என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். படலையைத் தாண்டும்போது அந்தக் கொப்பு முறியாமல் அப்படியே இருந்தது.

நவம்பர் 21, செவ்வாய்

எட்டுச் செலவு வியாழக்கிழமை. செத்தவருக்கு விருப்பமானதை எல்லாம் மச்ச மாமிசத்தோடு சமைத்துப் படைக்கும் நாள். மான் படைக்கப் போகிறேன் என்று சொன்னதும் யோகம் மச்சாள் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தா.

"செத்தவீட்டுத் தீட்டோட, துடக்கோட சுட்ட மானைப் படைக்கலாமோடி?"

"எனக்குத் துடக்கெண்டு அப்ப தெரியாது மச்சாள். நான் போன் எடுக்கேல்லை."

என்னை வெகுநேரம் பார்த்தா. தம்பி செத்த செய்தி பைக்குள் கிடந்து அடிக்க, இவள் துவக்குத் தூக்கியிருக்கிறாள் என்று நினைத்திருப்பா. நினைக்கட்டும். பிறகு, "எந்தப் பெட்டிக்குள்ள மிளகு இருக்கு?" என்று கேட்டா.

மத்தியானம் சிந்துஜாவிடம் வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். அன்றைக்குக் குழையை முறித்திருந்தால் இன்னும் ஒரு நாளாவது இருந்திருப்பார், நான்தான் விட்டுவிட்டேன் என்றேன். அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றவள், தண்ணிக் குழாயைப் பூட்டினாள்.

"அம்மா, நீங்கள் உடைச்ச நாளெல்லாம் மான் ஓடிப்போய் வேளைக்குத் திரும்பி வந்தியள். லிண்டா அப்பாவைப் பிரட்டி, மேல் கழுவுற நேரம். அப்பா கத்துவார். நீங்கள் கேக்கக்கூடாதெண்டு..." கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "அதுக்குத்தான் உடைக்க வேண்டாமெண்டவர். நீங்கள் வெளிக்கிட்ட உடன, வான் போயிட்டுதோ எண்டு கையால காட்டிக் கேட்டவர். போயிட்டுது எண்டன். சரி எண்டு கண்ணை மூடினவர்."

எனக்குக் கோபம் வந்தது. கோபமோ கோபம். இவ்வளவு காலம் இவர் துணி தோய்த்து, சோறு போட்டு, வன்னியிலிருந்து கனடா மட்டும் இவர் பின்னால் வந்தவள் நான். அந்த வெள்ளைக்காரிக்கு முன்னால் கத்தலாம், பெத்த பிள்ளைக்கு முன்னால் கத்தலாம், எனக்கு முன்னால் கத்தக்கூடாதா? சூப்பாம் சூப். ஒரு வாய் குடிக்க ஏலாது என்று தனக்குத் தெரிந்திருந்தும் என்னைக் குளிருக்குள் அனுப்பியிருக்கிறார். நான் என்ன, ஓடிப் போய்விடுவேனா?

கத்தினேன். சிந்துஜா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் யோக்கியமா? ரீவி பழுது என்று எனக்கு முதலே தெரியும். கோப்பிக் கடை வாசலில் இருந்துவிட்டு வந்து பரணில் இருந்தேன் என்றேன். அவரும் நம்பியதுபோலக் கெட்டிக்காரி என்றார். இரண்டு பேரும் பொய்யாய்க் குனிந்துகொண்டே இருந்திருக்கிறோம்.

நவம்பர் 23, வியாழன்

விடிய எழும்பிச் சூப் வைத்தேன். மற்றக் கறி எல்லாம் சனத்துக்கு. சூப் மட்டும் நான் தனியே வைத்தேன். எலும்பைத் தட்டி, மிளகு சீரகம் போட்டு, உறைப்பில்லாமல், மெல்லிய நெருப்பில். பொங்கல் புக்கைக்குப் பார்த்திருக்கும் சின்னப் பிள்ளையைப்போல அடுப்படியிலேயே நின்றேன். வீடு முழுக்க மணந்தது. யோகம் மச்சாள் வந்து மூடியைத் திறந்து மணந்துவிட்டு, "எங்கட ஊர் முற்றத்து மணம்" என்றா.

றொஸ் வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் கழற்றினார். ஒரு காலுறையில் ஓட்டை. வாசலோரம் கதிரையில் கைகட்டிக்கொண்டு இருந்தார். படலையடிக் கல்லில் குழைகள் கிடந்ததைப் பார்த்தாராம், ஆர் வைத்தது என்று தெரியாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறாராம். நல்லது செய்தீர்கள் என்றேன்.

படையலை இவர் கிடந்த அறையில்தான் வைத்தோம். கட்டிலை ஆசுப்பத்திரிக்காரர் கொண்டுபோய்விட்டார்கள், இடம் வெறிச்சென்று இருந்தது. வாழையிலை, சோறு, மான் இறைச்சி, மீன், முட்டை, இவருடைய சுருட்டு. நடுவில் சூப், ஒரு சின்னக் கிண்ணத்தில், கரண்டியோடு. ஒரு கரண்டி காணும் என்றவருக்குக் கிண்ணம் நிறைய வார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் படைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். வந்தவர் ஆறுதலாகச் சாப்பிட வேண்டும் அல்லவா. கொஞ்ச நேரம் கழித்து மூத்தவர் ஒருவர் கதவைத் தட்டித் திறப்பார். கதவைச் சாத்தினோம். சனம் நடையிலும் குசினியிலும் நெருக்கிக்கொண்டு நின்றது. நான் கதவடியில் நின்றேன். அன்றைக்கு உடுப்புக் கூடையோடு என்னை மறித்த அதே இடம்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். நான் போவதற்கு முதலே அங்கே வந்து நிற்கிறார். ஓடி உள்ளே போகக்கூடாது. திரும்பி ஓடவும் கூடாது. கதவை உதைத்துத் திறந்து, கத்துங்கோ, எனக்கு முன்னால கத்துங்கோ என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. நான் அசையவில்லை.

"காணும், திறப்பம்" என்று யோகம் மச்சாள் கையைக் கதவுக்குக் கொண்டுவந்தா. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொறுங்கோ மச்சாள்" என்றேன். "முதல் தரம் பொய்யாத்தான் குனிவார். இப்பதான் வாய் வைச்சிருப்பார்."

மச்சாள் கையை எடுக்கவில்லை, இழுக்கவும் இல்லை. ஒருவரும் அசையவில்லை.